மஞ்சள் பத்துக்கு அடியில்

எங்கள் சமையலறையிலிருந்து நான் வெளியே கடத்திக்கொண்டு போகாத சாமான் இல்லை. சர்க்கரை டப்பாவுக்குள் கிராம்பு போட்டு எறும்பை விரட்டினேன். துணி அலமாரியில் பிரிஞ்சி இலை வைத்தேன். வெந்தயமும் கறிவேப்பிலையும் தலைக்கு, கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் முகத்துக்கு. பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால்கூட உடனே பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொதிக்க வைத்து வீடெல்லாம் ஆவி பிடிப்பேன். உயிர்வேதியியல் படித்து முடித்து, நாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த வருடம் அது. கை சும்மா இருக்காது. போனில் ஒரு வீடியோ பார்த்தால் அது முடிவதற்குள் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவேன்.

"சாம்பாருக்கு வெந்தயம் இல்ல. இவ மண்டைக்கு மட்டும் மூட்டை மூட்டையா வேணும்," என்று அம்மா கத்துவாள். கத்திவிட்டு, சாயங்காலம் தலை வாரும்போது அதே எண்ணெயை அவளே கேட்பாள்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். குழந்தைகள் வாந்தி எடுத்து எடுத்து, எத்தனை கழுவினாலும் வேனுக்குள் ஒரு புளித்த வாடை நின்றுவிட்டது. நான் கிராம்பு, பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துணிப்பைகளில் கட்டி, சீட்டுகளுக்கு அடியில் தொங்கவிட்டேன். வாடை போனதோ இல்லையோ, "எங்க அம்மிணி செஞ்சது, காலேஜுல படிச்சவளாக்கும்," என்று அப்பா மற்ற டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு அவருக்கு எங்கே என்ன நோவு வந்தாலும் முதல் கேள்வி எனக்குத்தான். சளிக்கு ஓமப் பொட்டலம், கால் வெடிப்புக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்பாவின் தாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கம். அப்பா கல்யாணத்துக்கு முன்பே மைசூருக்கு வந்துவிட்டார். மண்டி மொஹல்லாவில், வாசலில் ஒரு ஆட்டோ நின்றால் கதவைப் பாதிதான் திறக்க முடிகிற சந்து ஒன்றில் வீடு. ஊரோடு போக்குவரத்துக் குறைந்தாலும் எங்கள் மாதப்பன் இருக்கும் மாதேஸ்வரன் மலைக்குப் போவது மட்டும் குறையவில்லை. எனக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போய், பார்க்க வந்த டாக்டர் எங்களிடம் பேசாமல் நர்ஸிடம் மட்டும் பேச ஆரம்பித்த ஒரு நாளில், அப்பா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே வேண்டிக்கொண்டாராம். பொண்ணு எழுந்து உட்காரட்டும், கத்தி படாமல் முடியும் தாடியும் வளர்த்து வந்து மலையில் இறக்குகிறேன் என்று. நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்பா வளர்க்க ஆரம்பித்தார். தாடி நெஞ்சைத் தொட்டது. வேன் பிள்ளைகள் டிரைவர் அங்கிள் என்பதை விட்டுவிட்டுத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வரப்போகிற அமாவாசைக்கு மலை. தெருவில் பாதிப் பேர் அவர் வேனிலேயே வருவதாக ஏற்பாடு.

அந்தச் சமயம் பார்த்து அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது.

"போய்ப் பிடுங்கிட்டு வந்துருங்க," என்றாள் அம்மா.

"மலைக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம். நேர்த்திக்கடன்ல இருக்கறப்ப கத்தி, ஊசி, ரத்தம் எதுவும் ஆகாது."

ஊசியும் ஆகாது என்று எந்தச் சாமி சொன்னது என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஊசி என்றால் பயம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"நீ ஏதாவது குடு அம்மிணி," என்றார் என்னிடம்.

தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிகிற கிராம்பாகப் பார்த்து வாங்கி வந்தேன். இடித்து, நல்லெண்ணெயில் போட்டு லேசாகச் சூடாக்கி வடித்து, காலி சொட்டு மருந்து பாட்டில் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தேன். பஞ்சில் தொட்டுப் பல்லின் குழிக்குள் வைத்ததும் அப்பாவின் முகம் தளர்ந்தது. "பல்லு ஊமையாயிடுச்சு," என்று சிரித்தார். அதிலிருந்து சட்டைப் பையில் பாட்டில், கடைவாயில் பஞ்சு. பக்கத்தில் போனாலே கிராம்பு மணம். ஒருநாள் காலையில் பஞ்சு இல்லாமலேயே வலி போய்விட்டது. எங்கள் முன்னால் ஒரு முறுக்கைக் கடக்கென்று கடித்துக் காட்டினார். நான் கை தட்டினேன்.

பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப் போனால் வலி நின்றுவிடும், சீழ் நிற்காது. இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு முறுக்குச் சத்தம்தான் தெரிந்தது.

பிறகு தாடைக்குக் கீழே ஒரு வீக்கம். தாடிக்குள் கண்ணுக்குத் தெரியவில்லை, கையை விட்டுத் தடவினால் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தட்டுப்பட்டது. அம்மா யாரையும் கேட்கவில்லை. கேட்கவும் என்ன இருக்கிறது, சுளுக்கோ அடியோ வீக்கமோ, எங்கள் வீடுகளில் முதல் வைத்தியம் மஞ்சள் சுண்ணாம்புப் பத்துத்தான். மஞ்சள் தூளில் சுண்ணாம்பைக் குழைத்தாள். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் குங்குமமாகச் சிவந்தது. கரண்டியில் வைத்து வெதுவெதுப்பாக்கிய நேரத்தில் நான் சுக்கைத் தட்டிப் போட்டேன், என் பங்குக்கு. தாடியை வழிக்கக் கூடாதே, அதனால் முடிக்கு மேலேயே அப்பினோம். அது காய்ந்து, முடியும் பத்தும் ஒன்றாக இறுகி, ஓட்டாஞ்சல்லி மாதிரி ஆனது. அதன் மேலேயே மறுநாளும் ஒரு அப்பு.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கன்னடத்துக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். சிவந்த தாடியைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணா, அமாவாசைக்கு இன்னும் டைம் இருக்கில்லா? இப்பவே சாமி வேஷம் கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா சிரிக்கப் பார்த்தார். பாதியில் கையைக் கன்னத்துக்குக் கொண்டு போனார்.

வாய் முன்னைப் போலத் திறக்கவில்லை என்றார். பத்து இறுக்குகிறது என்றோம். பேச்சு குழறியது. கிராம்பு போட்டுப் போட்டு நாக்கு மரத்துவிட்டது என்றோம். சோறு வேண்டாம் என்றார். மலைக்கு விரதம் இருக்கிறவர் அப்படித்தான் இருப்பார் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகவே சொன்னாள். தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை, பூசியிருப்பதே சிவப்பு. உடம்பு காட்டிய ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்கள் சமையலறையிலேயே ஒரு பதில் தயாராக இருந்தது. அவருக்குச் சர்க்கரை வேறு உண்டு. மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று அந்த நாட்களில் யாரும் கேட்கவில்லை. விழுங்க முடிந்ததா என்றே யாரும் கேட்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் முன்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு துண்டு. துண்டின் நுனி ஈரமாக இருந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் எச்சிலை விழுங்க முடியாமல் துடைத்துத் துடைத்து வந்த ஈரம் என்று யோசிக்கவில்லை. அம்மா மிளகு ரசத்தில் சோற்றைக் குழைத்து, மேலாக்கத் தெளிவை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

அப்பா ஒரு மடக்கு வாயில் வைத்தார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை. ரசம் முழுவதும் உதட்டோரமாக வழிந்து தாடியில் இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். அப்பாவின் கண்ணில் பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சாமுண்டி மலையிலிருந்து இறங்கும்போது ஒருமுறை வேனுக்கு பிரேக் பிடிக்காமல் போனதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர்.

"வாயைத் திறங்க அப்பா."

ஒரு விரல் நுழைகிற அளவு திறந்தது.

"பத்து... இறுகிடுச்சு... நனைச்சு எடு கண்ணு." வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது குரல்.

வெந்நீரில் துணியை நனைத்துப் போட்டு ஊற வைத்து, ஓரத்திலிருந்து பெயர்த்தேன். சிவப்புச் சில்லுகள் செய்தித்தாளில் விழுந்தன. சில இடத்தில் முடியோடு வந்தது, அவர் ஆ என்று சொல்லவில்லை. ஊறாத இடங்களை விட்டுவிட்டுப் பெரிய ஓடு முழுவதும் கையில் வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி.

"இப்பத் திறங்க."

அதே ஒரு விரல்தான்.

தாடியை இரு பக்கமும் விலக்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தைக் காணோம். ஒரு காதுக்குக் கீழிருந்து மறு காது வரை, தாடை என்ற ஒன்றே தெரியாமல், கழுத்து நேராக முகத்தோடு சேர்ந்திருந்தது. தோல் மினுமினுவென்று இருந்தது. விரலால் அழுத்தினேன். அமுங்கவில்லை. பலகை. உள்ளே திறந்த அந்த ஒரு விரல் இடைவெளியில் நாக்கின் அடிப்பாகம் தெரிந்தது, கீழே எதுவோ முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருப்பது போல.

"பத்து இல்லம்மா," என்றேன்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன இல்ல? மஞ்சள் இருக்குதே டப்பாவுல."

"இறுக்குனது பத்து இல்லம்மா!"

அவள் வந்து பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

ஆட்டோக்காரர் லுங்கியோடு வந்தார். அப்பாவைப் பின்சீட்டில் ஏற்றி, "அண்ணி மடில படுத்துக்கோங்க அண்ணா," என்று சாய்த்தார். சாய்த்த மாத்திரத்தில் அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரம்பம் பச்சை மரத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி. கண் மேலே செருகியது. நான் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் மூச்சு வந்தது. அதிலிருந்து அவர் முதுகை என் தோளால் முட்டுக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன், மறுபக்கம் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் கூட்டம். வாழைத்தார் வண்டி ஒன்று சந்து முனையில் திரும்ப முடியாமல் நின்றது. ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அப்பாவின் மூச்சு உள்ளே போகும்போது வருகிற சின்ன விசில் சத்தம் மட்டும். ஒன்று வந்ததும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். வந்தது. அடுத்தது வருமா? என் காதைக் கிட்டத்தட்ட அவர் வாயோடு ஒட்டி வைத்திருந்தேன். கிராம்பு மணத்துக்கு அடியில் வேறு ஒரு நாற்றம் இருந்தது. நாள்கணக்காக இருந்திருக்க வேண்டும்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். எங்களை விட்டுப் பத்தடி தள்ளி இன்னொரு நோயாளியோடு இருந்தவர், அப்பா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். கன்னடத்தில்தான் பேசினார்.

"படுக்க வைக்காதீங்க. யாரும் படுக்க வைக்காதீங்க. இது என்ன கலர்?"

"மஞ்சள், சுண்ணாம்பு. கொஞ்சம் சுக்கு."

"பல் வலி இருந்ததா?"

"இருந்தது. கிராம்பு எண்ணெய் வச்சோம். நின்னுடுச்சு."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே இரண்டு பேரை வரச் சொன்னார். திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை.

விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள். எகிறிக் கிடந்தது. பல்லில் இருந்த சீழ் நாக்குக்கு அடியில் இறங்கிப் பரவி, நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளுகிறது, மூச்சுப் போகிற வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்னார். மயக்க மருந்து கொடுக்காமல், முழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும். அது போகாவிட்டால் தொண்டையில் ஓட்டை போட வேண்டும். "எந்த நொடியும் ஓட்டை போட வேண்டி வரலாம், கழுத்து சுத்தமா இருக்கணும். தாடியை எடுத்துடணும். இப்பவே."

நர்ஸ் ஈரப் பஞ்சுத் துணியால் மிச்சமிருந்த பத்தைத் துடைத்தெடுத்துவிட்டு ரேஸரோடு குனிந்தார். அப்பாவின் கை எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஏன் தாத்தா, தாடி மேல அவ்வளவு ஆசையா? திரும்பி வளரும், விடுங்க," என்றார் நர்ஸ், அவசரத்திலும் சிரித்தபடி.

அப்பா விடவில்லை. தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். மற்றொரு கையை நீட்டி என்னைக் காட்டினார். பிறகு அந்தக் கையையே நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிடுவது போல வைத்தார். மறுபடி என்னைக் காட்டினார்.

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அது என் உயிருக்கு ஈடாக வைத்த தாடி. மலைக்குப் போகாமல், இங்கே, கத்தி பட்டால், எனக்கு என்ன ஆகும் என்று அவர் பயந்தார். மூச்சு நின்றுகொண்டிருப்பது அவருக்கு. பயம் எனக்காக.

"அப்பா, எனக்கு டெங்கு சலைன்ல சரியாச்சு. ஆஸ்பத்திரியில சரியாச்சு. தாடிக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பா, நான் நல்லா இருக்கேன் பாருங்க!" கத்தினேன். தலைமாட்டில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியில் எண் இறங்கியது. டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். இழுத்தால் அவர் திமிறினார், திமிறினால் அந்த விசில் சத்தம் இன்னும் மெல்லிசானது. "ஃபோர்ஸ் பண்ணாதீங்க, மூச்சு நின்னுடும்," என்றார் டாக்டர்.

அம்மா அதுவரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். இப்போது வந்து, டிரேயில் கிடந்த பஞ்சுத் துணி ஒன்றை எடுத்தாள். நர்ஸ் துடைத்துப் போட்டது. நடுவில் சிவப்பு, ஓரமெல்லாம் மஞ்சள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அதன் நடுவில் வைத்தாள்.

"கத்தரிக்கோல் குடுங்க," என்றாள் நர்ஸிடம்.

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கருவியைப் பார்த்தபடியே, "குடுத்துடு, சீக்கிரம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலைச் சொன்ன நேரத்துக்குச் செலுத்த முடியவில்லை என்றால், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிடுவார்கள். சாமி அதுவரை பொறுத்துக்கொள்ளும். அம்மா அப்பாவின் தாடி நுனியிலிருந்து ஒரு கொத்தைக் கத்தரித்து, காசோடு வைத்து, நுனிகளைச் சேர்த்து இறுக்கி முடிந்தாள். அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ஏனுங்க. கண்ணைத் திறங்க. இது மாதப்பனுது. முடிஞ்சு வச்சாச்சு. மீதி வெறும் மசுரு, அது யாருக்கு வேணும்? அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றனில்ல, கையை எடுங்க."

அப்பா முடிச்சைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிடி தளர்ந்தது.

வளர்ந்த தாடி கொத்துக் கொத்தாக விழுந்தது. வழித்து முடித்தபோது அந்தக் கழுத்தை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். மஞ்சள் கறைக்கு அடியில் சிவப்பு நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது. உட்கார்ந்த நிலையிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர் டீயும் பன்னும் வாங்கி வந்தார். "அண்ணா இல்லாம மலைக்கு வண்டி யார் எடுப்பாங்க, அவரே வந்துடுவார் பாருங்க," என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். டீ ஆடை கட்டியது.

எனக்குக் குளிர்வது போல இருந்தது. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். பிறகு கழுத்தில். ஈறில் ரத்தம் ஏதாவது வருகிறதா என்று நாக்கால் துழாவினேன், டெங்கு வந்தபோது அப்படித்தான் ஆரம்பித்தது. படித்தவள்தான். சலைனில்தான் பிழைத்தேன் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் கத்தியவள்தான். இருந்தாலும் வைத்துப் பார்த்தேன். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். சட்டென்று அவள் கையும் என் நெற்றிக்கு வந்தது.

"என்ன பண்ணுது உனக்கு?"

"ஒண்ணும் பண்ணல."

"சுடுதா?"

"இல்லம்மா. நீங்க செஞ்சீங்களே, அப்படி ஆஸ்பத்திரித் துணியில முடியலாமா? அது செல்லுமா?"

"யாருக்குத் தெரியும்? வீட்டுல மஞ்சள் நனைச்சு, குளிச்சு முழுகித்தான் முடியணும். அந்த நேரத்துக்கு வேற என்ன தோணும்?" என்றாள் அம்மா. பிறகு, "அவர்கிட்ட சொல்லிடாத," என்றாள். அவள் கை என் நெற்றியிலிருந்து இறங்கவே இல்லை. உள்ளே ஒருவருக்காகவும் வெளியே ஒருத்திக்காகவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். அந்த உள்ளங்கை ஐஸ் மாதிரி இருந்தது.

கதவு திறந்தபோது நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏதாவது கெட்டதாகச் சொல்லிவிடுவார்கள் என்று இருந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, குழாய் போய்விட்டது என்றார். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்திருக்கிறோம், பல்லையும் எடுத்தாகிவிட்டது, வீக்கம் வடியும் வரை குழாய் இருக்கும், அதுவரை எதுவும் சொல்வதற்கில்லை. 'எதுவும் சொல்வதற்கில்லை' என்பதை மட்டும் அவர் தமிழில் சொன்னார். எங்களுக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று நினைத்திருப்பார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எனக்குத் தெரியாத ஒரு மனிதர். தாடி இல்லாத வெள்ளைக் கன்னம், மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. பார்க்க விடுகிற கொஞ்ச நேரத்தில் உள்ளே போவேன். கை இரண்டையும் கட்டி வைத்திருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க. கட்டிய கையின் விரல் மட்டும் என்னைப் பார்த்ததும் அசையும். என் முகத்தைக் காட்டும். பிறகு கேள்வி மாதிரி விரியும். நான் நல்லா இருக்கேன் என்று தலையாட்டுவேன். அது போதாது அவருக்கு, மறுபடி விரியும். என் புறங்கையை அவர் விரலில் வைத்து, சுடவில்லை என்று தொட்டுக் காட்டிய பிறகுதான் கண்ணை மூடுவார். அமாவாசை இந்த நாட்களுக்குள்ளேயே வந்து போனது. வேன் எங்கள் சந்து முனையில் நின்றபடியே இருந்தது.

வீக்கம் வடிந்து, குழாயை எடுத்து, அவரை வார்டுக்கு மாற்றிய அன்று அம்மா வீட்டிலிருந்து பிளாஸ்கில் பால் கொண்டு வந்தாள். மூடியைத் திறந்ததும் மஞ்சள் நிறம். சிட்டிகை மஞ்சள், இரண்டு மிளகு, எப்போதும் போடுவதுதான். பிளாஸ்கைப் பிடுங்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் மோந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பால்தானே? சர்க்கரை போடலையே? குடிக்கட்டும்."

"தொண்டையில ஏதாவது..."

"நீங்க போய்த் தூங்குங்க முதல்ல," என்றார்.

அப்பா பாலை ஸ்பூனில் வாங்கி விழுங்கினார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அம்மாவும் நானும் அவர் தொண்டையையே பார்த்தோம். ஏறியது, இறங்கியது. உதட்டோரம் ஒன்றும் வழியவில்லை. பாதி பிளாஸ்க் போதும் என்று கையைக் காட்டினார். பிறகு வாயைத் திறந்தார். குழாய் இருந்த தொண்டை, காற்றும் கரகரப்புமாக வந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

"காய்ச்சல் கீய்ச்சல்... ஏதும் இல்லையே அம்மிணி?"

"இல்லப்பா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

தலையணையில் சாய்ந்தார். சாய்ந்தே விட்டார், முதுகு மெத்தையில் படும்படி, யாரும் முட்டுக் கொடுக்காமல். எனக்கு எழுந்து ஓடிப் போய் நிமிர்த்த வேண்டும் போல இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் மூடியிருந்தது. வார்டில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள், மின்விசிறி கடகடத்தது. அப்பாவின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. சத்தமில்லாமல் வந்தால் அதுதான் நல்ல மூச்சு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஆள்காட்டி விரலை அவர் மூக்குக்குக் கீழே வைத்தேன். வெதுவெதுப்பாகப் பட்டது. போனது. மறுபடி பட்டது.

"எடு கையை," என்றாள் அம்மா. "மனுஷன் தூங்கட்டும்."

எடுத்தேன். அவள் பிளாஸ்கைக் கழுவுவதற்காகக் குழாயடிக்குத் திரும்பினாள். மறுபடி வைத்தேன்.